சுட்டால் கொம்பு பெருக்குமா?



என்னோடு வேலை செய்கிற ஜேர்மனியர் ஒருவர் அனுமதிப்பத்திரம் உள்ள வேட்டைக்காரர். கொம்பு சரியில்லாத ஆண்மானைச் சுட்டுக் கழித்தால்தான் அடுத்த தலைமுறைக்கு நல்ல கொம்பு வரும் என்பார். இங்கே அது பழைய நம்பிக்கை. எனக்கும் முதலில் நியாயமாகத்தான் பட்டது. ஊரில் நாங்கள் நல்ல கிடாயை வைத்துக்கொண்டு மற்றதை விற்கவில்லையா?

ஆனால் ஆட்டுப்பட்டியும் காடும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேர் என்ற இடத்து அரச ஆய்வு நிலையத்தில் 1974 முதல் வெண்வால் மான்களை வேலிக்குள் வளர்த்து, தகப்பனைத் தெரிந்தெடுத்து இணைத்தார்கள். கொம்பு பெருத்தது.

கொமாஞ்சி என்ற பெரும் பண்ணையில் 2006இல் தொடங்கிய ஆய்வு காட்டு மான்களைப் பற்றியது. ஹெலிகொப்ரரில் இருந்து வலை எறிந்து பிடித்து, கொம்பை அளந்து, வயதுக்கேற்ற அளவு இல்லாததைக் கொன்றார்கள். ஒரு பகுதியில் கடுமையாக, இன்னொன்றில் மிதமாக, மற்றதில் கழிக்கவே இல்லை. பல வருடம் போயும் கொம்பு பெருக்கவில்லை. கடுமையாகக் கழித்த பகுதியில் ஆண்மான்களின் தொகைதான் விழுந்தது.

ஏன் அப்படி? பிணைமானுக்குக் கொம்பில்லை, ஆனால் குட்டியின் பரம்பரையில் பாதி அவளுடையது. அதைக் கண்ணால் பார்த்துக் கழிக்க முடியாது. தகப்பனும் பெரிய கொம்பன் மட்டுமல்ல, ஒன்றரை வயது இளசும் தகப்பனாகிறது.

அதைவிட, மானின் கொம்பு மாட்டுக் கொம்பு போலில்லை. வருடாவருடம் விழுந்து புதிதாக முளைக்கும். அந்த வருடத்துத் தீனியும் மானின் வயதும் அதில் தெரியும். முழு வளர்த்தி ஐந்து, ஆறு வயதில்தான். ரெக்சாஸில் மழை பொய்த்த வருடங்களில் முதற்கொம்பு ஈர்க்கு மாதிரி முளைத்த இளசுகள் நிறைய. பசியில் வளர்ந்ததைப் பிறவிக்குறை என்று எடுத்து அவற்றையும் கழித்துவிட்டார்கள். வாசித்தபோது அதுதான் என்னை உறுத்தியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் இதை நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எதைச் சுடுறது?" என்று கேட்டார். தொகை கூடினால் பிணைகளைக் குறையுங்கள், மேய்ச்சல் மிஞ்சும், இளம் ஆண்களை வயதுக்கு வரவிடுங்கள் என்றேன். "ஆறு வருடம் காத்திருக்கிறதோ?" என்று சிரித்தார். வேட்டைப் பருவம் தொடங்கினால்தான் தெரியும், என்ன செய்கிறார் என்று.