எபிசோட் 41: சரியாகாத உடம்போட சமாதானம்

என்னோட சர்க்கரை நோய் பற்றி ஒரு எபிசோட் பேசினதுக்கப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "இதை எப்படி ஏத்துக்கிட்டீங்க? மனசு எப்படி அமைதியாச்சு?" கேட்டவங்கள்ல ஒருத்தருக்கு முடக்குவாதம், ஒருத்தருக்கு சொரியாசிஸ். இன்னொரு தம்பி வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ் போறார். ஒரு வரியில பதில் அனுப்ப மனசு வரல. அதான் இந்த எபிசோட்.

புதுசா கேக்கறவங்களுக்கு மட்டும் சுருக்கமா. எனக்கு 28 வயசு, ஆம்பூர் பொண்ணு. 17 வயசுல டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இது இனிப்பு சாப்பிட்டு வர்றது இல்லை. உடம்போட எதிர்ப்புச் சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களைத் தாக்கிடும். அதனால தினமும் நாலு ஊசி. மனிதருக்கு இன்சுலின் முதல்முறையா போட்டது 1922 ஜனவரியில, கனடாவோட டொராண்டோ நகரத்துல. அதுக்கு முன்னாடி பிறந்திருந்தா இந்த பாட்காஸ்ட்டும் கிடையாது, நானும் கிடையாது. பிரியாணி சாப்பிடுவீங்களான்னு கேட்டிருந்தீங்க. சாப்பிடுவேன். ஆம்பூர்ல இருந்துக்கிட்டு சாப்பிடாம எப்படி இருக்கறது? சீரகச் சம்பா எத்தனை கரண்டின்னு கணக்குப் போட்டு ஊசி போட்டுக்குவேன். கத்திரிக்காய்க்குப் பெருசா கணக்கு இல்லை.

எங்க சாஃப்ட்வேர் தொழில்ல எந்தப் பிரச்சினை வந்தாலும் ஒரு டிக்கெட் போடுவோம். சரி பண்ணுவோம், மூடுவோம். மூட முடியாத டிக்கெட்டை மேனேஜருக்குப் பிடிக்காது. நம்ம சொந்தக்காரங்களும் அந்த மேனேஜர் மாதிரிதான். பாகற்காய் ஜூஸ் குடி, சரியாயிடும். ஆவாரம்பூ போடு, சரியாயிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சரியாகாத ஒண்ணு வீட்டுக்குள்ள இருக்கறதை அவங்களால தாங்க முடியல, அவ்வளவுதான்.

போன மாசம் என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. அதுக்கு முந்தின நாள் அத்தை என்னைத் தனியா கூப்பிட்டு, "கண்ணு, காபி குடிக்கறப்ப சர்க்கரை வேண்டாம்னு சொல்லிடாதே. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னாங்க. ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த இன்சுலின் பேனாவை ஒரு டப்பாவுக்குள்ள போட்டு உள்ளே தள்ளி வெச்சிட்டாங்க. வந்தவங்ககிட்ட நானே சொல்லிட்டேன். அந்தச் சம்பந்தம் அமையல. அத்தை இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்லை. ஏத்துக்கறதுன்னா என்னன்னு என்னை உட்கார்ந்து யோசிக்க வெச்சது இந்த விஷயம்தான். மறைச்சு வெச்ச ஒண்ணை எப்படி ஏத்துக்க முடியும்?

இதுக்கு நம்ம வேலூர்லயே ஒருத்தர் இருந்திருக்காங்க. டாக்டர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து, அங்கேயே டாக்டராக வேலை பார்த்தார். மகப்பேறு மருத்துவத்துக்குப் போக ஆசை. 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. முகத்தில் பலத்த காயம், முதுகுத்தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 28. என் வயசு.

அந்தக் காலத்துல இந்தியாவுல முதுகுத்தண்டு அடிபட்டவருக்குன்னு தனி மறுவாழ்வு மையம்னு ஒண்ணு கிடையாது. வீட்டுல ஒரு கட்டில், அதுல படுக்கைப் புண், அப்புறம் கிருமித் தொற்று. பெரும்பாலானவங்க கதை அதோட முடிஞ்சிடும். மேரி வர்கீஸ் மாசக்கணக்கில் படுத்திருந்தார். நிமிர்ந்து உட்காரவே ஆபரேஷன் தேவைப்பட்டது.

அந்த நேரத்தில் சி.எம்.சி.யில் இருந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். நிக்க வேண்டிய அவசியமே இல்லை. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த வேலையைக் கற்றுக்கொண்டார், செய்தார். யோசிச்சுப் பாருங்க. ஊரே ஒதுக்கி வெச்ச ஒரு நோயாளி, தனக்கு ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரைப் பார்க்கறார். டாக்டரால நடக்க முடியாது.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் போய், நாற்காலியோடு தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி எடுத்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்னைக்கும் அது அவர் பேர்லதான் இருக்கு. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் காலமானார். கடைசி வரைக்கும் கால் திரும்பி வரவே இல்லை.

அவருக்கு ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை இருந்தது. அதை விட்டுட்டுச் சொன்னா பாதிக் கதைதான் சொன்னதா ஆகும். ஆனா எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது வரிசை. "முதல்ல மனசு அமைதியாகட்டும், அப்புறம் வாழலாம்"னு நாம நினைக்கிறோம். இங்கே முதல்ல வந்தது உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை. மேசையோட உயரம், நாற்காலியோட அளவு, கைக்கு எட்டற தூரத்துல கருவி. இதெல்லாம் ரொம்பச் சின்ன, சலிப்பான விஷயங்கள். அமைதின்னு நாம சொல்றது இதுக்குள்ள எங்கேயோ, யாரும் கூப்பிடாம வந்து உட்கார்ந்திருக்கு. இது என் ஊகம்தான். ஆனா என் அனுபவமும் அதையேதான் சொல்லுது.

பால் பிராண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது நேரா என் காலுக்கு வருது. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பிராண்ட் கண்டது வேறு. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி இல்லாததுதான் விரலைத் தின்றுகொண்டிருந்தது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது என்பதால், நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

சர்க்கரை நோய் பல வருஷம் போனா காலுக்கு நடக்கறதும் இதேதான். நரம்பு மரத்துப் போகும். செருப்புக்குள்ள கல் இருந்தாலும் தெரியாது. காட்பாடிப் பக்கம் கரிகிரியில, 1955ல ஆரம்பிச்ச தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையில, மரத்துப்போன காலுக்குன்னே செருப்பு செஞ்சாங்க. மைக்ரோசெல்லுலார் ரப்பர்னு மெத்துனு ஒரு ரப்பர். நாம சாதாரணமா எம்.சி.ஆர். செருப்புன்னு சொல்றது அதைத்தான். ஆணி அடிக்க மாட்டாங்க, பசைதான். பின்னாடி ஒரு வார் இருக்கும். செருப்பு கழண்டு விழுந்தாகூட காலுக்குத் தெரியாது இல்லையா, அதுக்காக. 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோய் உள்ளவங்க 10.1 கோடி பேர். அவங்கள்ல கால் மரத்துப்போனவங்களுக்கு இன்னைக்கு அதே செருப்புதான் கொடுக்கறாங்க.

எங்க அம்மா ஷூ கம்பெனியில வேலை. நிறைய வருஷம் அப்பர் தைச்சாங்க, இப்போ செக்கிங். ஒவ்வொரு ஷூவுக்குள்ளயும் கையை விட்டு, நூல் முடிச்சு இருக்கா, எங்கயாவது குத்துதான்னு தடவிப் பார்க்கணும். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போற ஷூ. நான் ஆபீஸ் கிளம்பறப்ப என் ஷூவையும் எடுத்து அப்படியே தடவிப் பார்த்துட்டுத்தான் வைப்பாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எனக்கு நோய் வந்த புதுசுல மூணு மாசம் அழுதவங்க அவங்க. எப்போ அழுகை நின்னதுன்னு கேட்டா அவங்களுக்கே சொல்லத் தெரியல. ஷூவைத் தடவ ஆரம்பிச்ச அப்புறம்னு நான் நினைச்சுக்கறேன்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். நோயை ஏத்துக்கறது வேற, நோய்க்குக் காரணமானதை ஏத்துக்கறது வேற. எங்க ஊர்ல தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்துல கலந்து கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு. "விதி"ன்னு சொல்லிட்டு எல்லாரும் உட்கார்ந்துடல. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தினவங்கதான் செலவை ஏத்துக்கணும்ங்கறது நாட்டோட சட்டத்துல ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. இந்தத் தொழில்லதான் எங்க வீட்டுச் சோறு வருது. அதனால இதைச் சொல்றது எனக்குச் சுலபம் இல்லை. இருந்தாலும், தோல் தொட்டியில வேலை செஞ்சு கையெல்லாம் வெடிச்சுப் போனவரைப் பார்த்து யாராவது "மனசை அமைதியா வெச்சுக்கோங்க"ன்னு சொன்னா எனக்குக் கோபம் வரும். முதல்ல கையுறை கொடுங்க.

கெட்ட ராத்திரிகள் இப்பவும் வரும். மூணு மணிக்கு சர்க்கரை 52க்கு இறங்கும், வேர்க்கும், கை நடுங்கும். குளுக்கோஸைக் கரைச்சுக் குடிச்சிட்டு, பதினஞ்சு நிமிஷம் சமையல்கட்டுத் தரையில உட்கார்ந்திருப்பேன். திரும்பவும் விரல்ல குத்திப் பார்ப்பேன். அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல தத்துவம் எதுவும் தோணாது. ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்கும். சில நாள் அழுவேன். ஏறிடுச்சுன்னா போய்ப் படுத்துக்குவேன்.

டயாலிசிஸ் போற தம்பி, நாலு மணி நேரம் அசையாம படுத்திருக்கறதுதான் கஷ்டம்னு சொல்லியிருந்தீங்க. ஊசி போட்ட கை அசையக் கூடாது, சரி. இன்னொரு கை சும்மாதானே இருக்கு? அந்தக் கையால என்ன செய்யறீங்கன்னு எனக்கு அனுப்புங்க. மத்தவங்களும் அனுப்புங்க. உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி வீட்டுலயோ வேலையிலயோ எதை மாத்தி வெச்சீங்க, கட்டிலையா, சுவிட்சையா, ஷிஃப்டையா? அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் படிக்கிறேன். சந்திப்போம்.