சமத்துவமும் தராதரமும்



எல்லார்க்கும் கதவைத் திறந்தமையாற் கல்வியின் தராதரம் கெட்டதென்பர் ஒருசாரார். தராதரம் பேசுவோர் பழைய சலுகையையே நாடுகின்றனரென்பர் மறுசாரார். இவ்வழக்கில் உண்மை யாது?

கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஆங்கிலக் கல்லூரிகளிற் கற்றோர் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்த வல்லோரின் பிள்ளைகளே. அச்சிலரின் தேர்ச்சியை இன்றைய அனைவரின் தேர்ச்சியோடு ஒப்பிடுதல் நீதியன்று.

ஆயினும் குறையே இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. இன்று ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை பத்திலொரு பங்களவே. மிசன் கல்லூரியிற் படித்த எமக்கு ஆய்கூடம் இருந்தது. அயற்கிராமத்துத் தோழனோ சோதனைக்குழாயைக் கரும்பலகையிலேதான் கண்டான். இருவரும் எழுதியது ஒரே சாதாரண தரப் பரீட்சை! வாயிலைத் திறந்தவர்கள் உள்ளே ஆசிரியரையும் ஆய்கூடத்தையும் சமமாகப் பகிரவில்லை. தராதரம் தாழ்ந்தது அங்கேதான்.

ஆதலின் பல்கலைக்கழகம் புகுந்த நாம் ஒவ்வொருவரும் விடுமுறையில் அயற்பாடசாலையொன்றிற் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிப்போமாக. பெரியோர்கள் அப்பாடசாலைக்கு ஆசிரியரையும் ஆய்கூடத்தையும் அரசாங்கத்திடம் விடாது கேட்பார்களாக. கேட்கும் குரலுக்கு எம் உழைப்பு வலுவூட்டும்.