பேரப்பிள்ளைக்கு ஒரு போர்வை



தையல் வகுப்பில் குறோசே ஊசி பிடித்த கைகள் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் போர்வை பின்னுகின்றன. ஊசியில் ஒரே ஒரு வளையம்தான் நிற்கும். பிழைத்தால் இழுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இரவுக் கடமை முடிந்து வந்து நானும் பின்னுவது அந்தச் சுகத்துக்காகத்தான்.

வைத்தியராக இரண்டொரு சொல். ஓட்டை பெரிதானால் பச்சைக் குழந்தையின் விரல் மாட்டும். தொங்கும் நூல் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். நெருக்கமாகப் பின்னுங்கள், நூல்முனைகளை உள்ளே கோத்து மறையுங்கள். எங்கள் வெயிலுக்குப் பருத்தி நூலே நல்லது, சுடுநீரிலும் தோய்க்கலாம். கம்பளியைக் கனடாவில் இருப்பவர்களுக்கு விட்டுவிடுவோம்!

முதல் 12 மாதமும் தூங்கும் பிள்ளையின் மேல் போர்வை வேண்டாம். மடியில் வைத்திருக்கும்போது போர்த்துங்கள். நடக்கத் தொடங்கினால் அதைத் தாங்களே இழுத்துக்கொண்டு திரிவார்கள்.