சொன்ன பிள்ளையைத் தனியே விடாதீர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கல்விச் சங்கத்து மேடையில் மதிப்பெண்ணைப் பற்றியும் உத்தியோகத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். பள்ளிக்குச் சென்ற பிள்ளை பழுதின்றி வீடு திரும்புவதைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன்.

2023 ஆகஸ்டு 9 அன்று இரவு நாங்குநேரியில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்ற நம் சமுதாய மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் பயின்ற சிறுவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் காயமுற்றார். பலரும் அரிவாளையே பார்க்கின்றனர். அதற்கு முன் நடந்ததைப் பார்க்க வேண்டுகின்றேன். துன்புறுத்தல் தாளாது அம்மாணவர் சில நாள்கள் பள்ளிக்குச் செல்லவில்லை. ஆசிரியர் விசாரித்ததும் நடந்ததைச் சொன்னார். சொன்ன பின்னர்தான் வீடு தேடி வந்தார்கள். ஆகவே புகார் சொல்லும் நேரத்தைக் காட்டிலும், சொல்லி முடித்தபின் வரும் இரவே அபாயமானது.

இளைஞர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிப்பதோடு எங்கள் பேனா நின்று விடுகிறது. ஏன் வரவில்லை என்பது உடன் விளையாடும் பையனுக்கே தெரியும். நம் தெருவில் ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்குப் போகாதிருந்தால் "காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து விடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். யார், எங்கே, எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் பெற்றோரோடு நீங்களும் வாருங்கள். 1098, 14417 என்னும் எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள்.

காவல் நிலையம் செல்ல நேர்ந்தால் வெறுங்கையோடு செல்ல வேண்டுவதில்லை. சட்டம் உடன் வருகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டி, பின்னரே கையொப்பம் பெற வேண்டும். நகலும் தரவேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கோரும் உரிமையை 15ஏ பிரிவு தருகிறது. இப்பிரிவுகளைச் சங்கத்து நூலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் மாணவரிடையே கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இதைக் கேட்டுக் கைதட்டுவோர் தம் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர்கள் ஒரு நிறம் கட்டினால் நாமும் ஒரு நிறம் கட்டுவோம் என்று நம் பையன்களுள் சிலர் புறப்பட்டிருக்கின்றனர். கசப்பாயினும் சொல்கிறேன்: எந்த நிறமாயினும் அக்கயிறு அடிப்பவனுக்கு அடையாளம் காட்டவே பயன்படும்.

அடுத்தது வழி. 2025 மார்ச் மாதம் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு மாணவர் வழிமறித்து வெட்டப்பட்டார். நம் பிள்ளைகளும் அருப்புக்கோட்டைப் பேருந்தில்தான் போய் வருகின்றனர். மாலையில் நெடுஞ்சாலையில் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டு ஓரமாக நடந்து ஊர் சேரும் சிறுமியர் உள்ளனர். வேலையின்றிச் சாவடியில் அமர்ந்திருக்கும் இளைஞர் இருவர் அந்நேரம் நிறுத்தத்தில் நின்றால் யாருக்கென்ன நட்டம்? நிற்பவர் நடத்தை மீது பெற்றோருக்கு நம்பிக்கை வேண்டும். ஆகையால் ஆளைச் சங்கமே தேர்ந்தெடுக்கட்டும்.

பழிக்குப் பழி என்போருக்கு நான் நாங்குநேரி மாணவரையே காட்டுவேன். வெட்டுண்ட கையோடு மருத்துவமனையில் கிடந்த அவர், 2024இல் பொதுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

மாலைப் பேருந்து நிறுத்தத்திற்கு வர இசைவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தேர்வுக் காலத்திலிருந்தே தொடங்கினால் நலம்.