ஒருவேர்ச் சொற்களின் பொருள் வேற்றுமை



தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில், பல வேளைகளில் ஒரே வாயில், கலந்து புழங்குகின்ற இந்த ஆனைக்கரையில், ஒரே வேரிலிருந்து தோன்றி வேறு வேறு பொருள் பூண்ட சொற்களைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை வகிக்குமாறு என்னைப் பணித்த அன்பர்களுக்கு முதற்கண் என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தலைமையுரை உபந்யாசமாக நீண்டுவிடக் கூடாது என்று செயலாளர் என்னை எச்சரித்திருக்கிறார். அவர் தமிழராகையால் நெடிய சொற்பொழிவை நினைத்து அப்படிச் சொன்னார். அருகில் நின்ற மலையாள நண்பரோ, உபந்யாசம் என்றால் எழுதிய கட்டுரை என்று கொண்டு, நான் ஏதோ எழுதி வந்திருப்பதாக மகிழ்ந்துவிட்டார். நம் விஷயம் மேடை ஏறுமுன்பே தொடங்கிவிட்டது.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பாரதப்புழையின் பக்கம் பாலக்காட்டில் ஓர் ஆனைக்கரை இருக்கிறது. ஏலமலையில் குமுளிக்கு அருகே, நாம் கூடியிருக்கும் ஆனைக்கரை இது. 'கரை' என்றதும் தமிழனுக்கு ஆற்றோரமும் வேட்டியின் ஓரமுமே நினைவுக்கு வரும். மலையாளிக்கோ அவற்றோடு, நீரல்லாத நிலமும், கிராமத்தின் ஒரு பகுதியும் கரைதான். நாயர் சமுதாயத்தின் கரயோகங்கள் அந்தப் பொருளில் எழுந்தவை. தமிழ்நாட்டிலும் தஞ்சை, தொண்டை மண்டலக் கிராமங்களில் கரையீடு என்றும் கரைகாரர் என்றும் நிலப்பங்கைக் குறித்து வழங்கிய ஒரு காலம் உண்டு என்பதை நினைத்தால், மலையாளம் புதிதாக ஒன்றைச் சேர்க்கவில்லை, நாம் நழுவவிட்டதை அது வைத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். ஆனால் கொள்ளிடத்தில் உள்ள அணைக்கரையை இதனோடு சேர்த்து எண்ணிவிடலாகாது. அது நீரைத் தடுக்கும் அணையால் வந்த பெயர், யானைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

ஒலி ஒப்புமையை உறவென்று மயங்கலாகாது என்பதற்கு இம்மலையில் இன்னும் சிறந்த சாட்சி இருக்கிறது. வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் விடுகிறார்கள். இரண்டு ஏலங்களுக்கும் குலமும் வேறு, வந்த வழியும் வேறு: மணப்பொருளின் பெயர் இந்நாட்டில் பழையது, விலை கூறி விற்பதைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுகீசிய வணிகருடன் கப்பலில் வந்து இறங்கியது. தமிழ், வந்த சொல்லின் முதல் லகரத்தை உதிர்த்துவிட்டது. மலையாளம் அதை உதிர்க்காமல் 'லேலம்' என்றே வழங்குவதால், ஏலமும் லேலமும் மலையாளிக்கு மயங்குவதே இல்லை. அந்நியச் சொல்லைத் தன் மரபுக்கேற்ப மாற்றிக்கொள்வது தமிழின் குணம். அந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு.

நம்மில் பலர் ஆங்கிலம் கற்பிப்போர். மாணாக்கர் தடுமாறும் இடங்கள் நமக்குத் தெரியும். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிகல் என்றால் சிக்கனமானது. ஹ்யூமன் மனிதனைச் சார்ந்தது, ஹ்யூமேன் இரக்கமுடையது. இவற்றுள் பின்னிரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஒரே சொல்லின் இரு எழுத்துருவங்களாகவே இருந்தன என்பதைச் சொன்னால், மாணவனுக்குத் தன் தடுமாற்றத்தைப் பற்றிய நாணம் சற்றுக் குறையும். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் என்னும் மூன்றும் விருந்தினனைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஒன்று நோயாளியையும், ஒன்று மாணவனையும், ஒன்று பயணியையும் ஏற்றுக்கொண்டது. நாமோ மூன்றாவதை ஓட்டலாக்கி, படுக்கையை நீக்கி, இலையைப் போட்டுவிட்டோம்! ஒரு மொழியில் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் நெடுநாள் சும்மா இருப்பதில்லை, அவை தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ப்ரெயால் 1897இல் வெளியிட்ட தம் சொற்பொருளியல் நூலில் ஒரு நியதியாகவே வகுத்துக் காட்டினார். ஃபௌலர் 1926இல் ஆங்கில வழக்கைப் பற்றி எழுதிய அகராதியும் இந்தப் பங்கீட்டை மதிக்கும்படி எழுத்தாளரை வற்புறுத்துகிறது.

இந்தப் பங்கீட்டைக் காண ஆங்கிலத்துக்குப் போகத் தேவையில்லை. வடமொழியின் லக்ஷணம் என்னும் ஒரே சொல், பழங்காலத்தில் இலக்கணமாக வந்து மொழியின் விதிகளுக்குப் பெயராயிற்று. பிற்காலத்தில் லட்சணமாக மறுபடியும் வந்து முகத்தின் களைக்குப் பெயராயிற்று. லக்ஷ்யம் அவ்வாறே ஒருமுறை இலக்கியமாகவும், மறுமுறை லட்சியமாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஸ்நேகம் என்னும் சொல்லோ மும்முறை குடிபுகுந்தது: பழகிய தோழமைக்குச் சிநேகம், உள்ளத்துப் பிரியத்துக்கு நேசம், உயிர்களிடத்துக் காட்டும் பரந்த அன்புக்கு நேயம். மனிதநேயம் என்று சொல்லும் இடத்தில் மனிதசிநேகம் என்று சொல்லிப் பாருங்கள்; பொருள் ஏறக்குறைய நிற்கும், சொல்லோ நிற்காது. வடசொற்களைக் களைந்து தமிழுருவங்களை மாத்திரம் வைத்துக்கொள்வோம் என்னும் நண்பர்களிடம் எனக்கு மரியாதை உண்டு; ஆயினும் பெண் லட்சணமாக இருக்கிறாள் என்பதை இலக்கணமாக இருக்கிறாள் என்று திருத்தினால், அந்தப் பெண்ணுக்கே அது பிடிக்காது. உருவங்கள் இரண்டாயினும் பிறப்பு ஒன்றே என்று கண்டறிவது புலமை. பிறப்பு ஒன்றாகையால் பயனும் ஒன்றே என்று விதிப்பது புலமையாகாது என்பது என் அபிப்பிராயம்.

இனி இவ்வெல்லைப்புறத்துக்கு வருவோம். இங்கே பனி இறங்குகிறது என்று தமிழன் சொன்னால் மலைச்சரிவைப் பார்க்கிறான். பனி என்று மலையாளி சொன்னால் கம்பளியைத் தேடுகிறான், ஏனெனில் அவனுக்கு அது காய்ச்சல். இரண்டுக்கும் நடுவே நிற்பது நடுக்கம். பனித்தல் என்னும் சொல் பழந்தமிழில் நடுங்குதலைக் குறித்தது. தமிழன் நோயின் வெப்பத்தைப் பார்த்துக் காய்ச்சல் என்றான். மலையாளி அதன் குளிரைப் பார்த்துப் பனி என்றான். வைத்தியர் இருவரையும் மறுக்கமாட்டார். சரிவில் இறங்கும் பனியை மலையாளி மஞ்ஞு என்கிறான். நம் கவிஞர்கள் மேகத்துக்கு வழங்கிய மஞ்சு அது. வெள்ளம் என்றால் நமக்குக் கரைபுரள்வது, அவர்களுக்குக் குடிப்பது; ஆகவே 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளப்பொக்கம் என்று, 'பொங்குதலை'ச் சேர்த்தே அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் அம்மாயி தாயைப் பெற்றவள். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் மாமனின் மனைவி. சம்சாரம் தமிழனுக்கு மனைவி, மலையாளிக்குப் பேச்சு; இரண்டும் ஒன்றே என்று வாதிக்க இவ்வவையில் சிலர் துணியக்கூடும், தாய்மார்கள் எதிரே அமர்ந்திருக்கையில் நான் துணியேன்.

குண்டர்ட் பாதிரியார் 1872இல் வெளியிட்ட மலையாள அகராதியும், 1924 முதல் 1936 வரை வெளிவந்து, வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பாசிரியராக நிறைவு செய்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் நமக்கு அளித்துள்ள செல்வம் அளவிடற்கரியது. ஆயினும் சொற்பிறப்பகராதியில் பனிக்குப் பல மொழி வடிவங்களும் ஒரே தொகுதியில் அடங்கி நிற்கும். அதைப் பார்க்கும் பள்ளி ஆசிரியர், தம் வகுப்பில் மலையாளம் பேசும் பிள்ளை தமிழில் எழுதிய விடுப்புக் கடிதத்தில் 'பனி காரணமாக' என்று கண்டால் என்ன செய்வது என்பதற்கு அங்கே வழி காணமாட்டார். அது அந்நூலின் குறையன்று. அந்நூல் வேரைத் தேடப் புறப்பட்டது. வழக்கைத் தேடும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அந்த வேலை நூலகத்தில் மாத்திரம் முடியாது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களிடமும், கம்பமெட்டு வழியே ஜீப் ஓட்டுவோரிடமும், லேலக் கூடத்தில் எடை போடுவோரிடமும் கேட்டு எழுதினால், இரு மொழிக்கும் பொதுவாய்ப் பொருளில் பிரிந்த சொற்களுக்கு, எல்லைப்புறப் பள்ளிகளுக்குப் பயன்படும் ஒரு சிறு நூலை நாமே ஆக்கிவிடலாம். ஆகையால் இங்கே கட்டுரை படிக்க வந்திருப்போர் ஒவ்வொருவரும், தாம் எடுத்துக்கொண்ட சொல்லின் வேரைக் காட்டியதோடு நில்லாமல், அச்சொல் இன்று உயிரோடு நடமாடும் வாக்கியம் ஒன்றையும், அது எந்த ஊரில் யார் வாயில் வழங்குகிறது என்பதையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.