பந்து வராத பக்கம்



உதைபந்தாட்டப் போட்டி முடிந்து சனம் வீடு திரும்பும்போது வாயில் அடிபடுவது கோல் அடித்தவரின் பெயர். அதற்கடுத்து, பந்துக்காப்பாளரின் பெயர். பின்களத்தில் நின்று எதிரணியின் கெட்டிக்காரனை ஆட்டம் முழுவதும் மறித்து வைத்தவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அவருடைய ஆட்டத்தை எதைக் கொண்டு அளப்பது? இன்றைய உரையின் கேள்வி இதுதான். விடை தேடி முதலில் இணைய விளையாட்டு ஒன்றுக்குள்ளும், பிறகு அமெரிக்காவுக்கும் போய்வருவோம்.

கணினியில் உதைபந்தாட்டம் ஆடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விரலால் வீரனை ஓட்டுவது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் ஈஃபுட்போல் அந்த வகை. மற்றது, முகாமையாளராக இருந்து அணியை நடத்துவது. இங்கிலாந்தின் கொலியர் சகோதரர்கள் 1992 இல் வெளியிட்ட சம்பியன்ஷிப் மனேஜர் என்ற விளையாட்டின் வழிவந்த ஃபுட்போல் மனேஜர் இதிலே பேர்போனது. பந்தைப் பறித்தல், நிலையெடுத்தல், எதிராளியை ஒட்டிக் காத்தல் என ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 20 வரை அங்கே புள்ளி உண்டு. ஆளைத் தெரிவுசெய்து வியூகம் வகுப்பது நீங்கள். ஆட்டத்தை நடத்துவது கணினி.

அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கும் இதே மாதிரியான இணைய விளையாட்டுகள் இருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் எண்கள் நிறைந்த அட்டவணை ஒன்று வரும். அதை வாசிக்கத் தெரிந்தவரே அடுத்த ஆட்டத்துக்கு அணியைச் சரியாகத் தெரிவுசெய்வார். அந்த அட்டவணையில் மிகவும் பிழையாக வாசிக்கப்படுபவர் கோர்னர்பக் என்ற காவல் வீரர்.

அவருடைய வேலையைச் சொல்கிறேன். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்தைக் கையால் எறிவார்கள். எறிபவர் குவாட்டர்பக். அதைப் பிடிக்க ஓடுபவர் றிசீவர். மைதானத்தின் ஓரத்தில் அந்த றிசீவரோடு ஒட்டி ஓடி, பந்து அவர் கைக்குச் சேராமல் பார்ப்பவர்தான் கோர்னர்பக். எங்கள் ஆட்டத்தில் ஓரத்தால் ஏறிவரும் வீரனை மறிக்கும் பின்கள வீரர் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான்.

அட்டவணையில் முதலில் கண்ணில் படுவது, இவர் எத்தனை பேரைப் பிடித்து வீழ்த்தினார் என்ற எண். எண் கூடினால் நல்ல வீரர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோர்னர்பக் ஒருவர் அடிக்கடி ஆளை வீழ்த்துகிறார் என்றால், அவர் காக்கவேண்டிய றிசீவர் அடிக்கடி பந்தைப் பிடித்துவிட்டார் என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். வேலி பிரிந்த பிறகு மாட்டைத் துரத்திப் பிடிக்கும் வேலை அது.

அடுத்தது, எதிரணியின் எறியை இடைமறித்துப் பிடித்த எண்ணிக்கை. இதற்குத்தான் கைதட்டல் அதிகம். 2021 இல் டலஸ் கவ்போய்ஸ் அணியின் டிரெவோன் டிக்ஸ் ஒரே பருவத்தில் 11 எறிகளை இடைமறித்தார். 1981 க்குப் பிறகு எவரும் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை. அதே பருவத்தில் அவரைத் தாண்டிப் பிடிக்கப்பட்ட எறிகளால் எதிரணிகள் ஆயிரம் யார் தூரத்துக்கு மேல் முன்னேறியதாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். துணிந்து பாய்பவருக்குச் சிலவேளை பந்து கிடைக்கும், சிலவேளை ஆள் தப்பிவிடும். பத்திரிகையின் தலைப்புக்கு வருவது முதற்பாதி மட்டும்.

இதற்கு நேரெதிரான கதை ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் நாம்டி அசம்வாவுடையது. 2006 இல் அவர் 8 எறிகளை இடைமறித்தார். 2007 இல் ஒன்றே ஒன்று. 2008 இலும் ஒன்றே ஒன்று. எண்ணை மட்டும் பார்ப்பவர் இவருக்கு ஆட்டம் போய்விட்டது என்றே முடிவு கட்டுவார். நடந்தது வேறு. அவர் நிற்கும் பக்கம் பந்தெறியவே எதிரணிகள் தயங்கின. 2008 இல் அமெரிக்காவின் மிகச் சிறந்த வீரர்களின் அணித் தெரிவில் அவர் முதல் வரிசையில் இடம்பெற்றார். அட்டவணையில் அவருடைய கட்டம் வெறுமையாக இருந்ததே அவருடைய திறமைக்குச் சாட்சி.

அப்படியானால் எதைப் பார்க்கவேண்டும்? முதலில், அவர் காத்த ஆளை நோக்கி எத்தனை தடவை பந்து வந்தது என்று பார்க்கவேண்டும். அடுத்து, வந்ததில் எத்தனை போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததால் எதிரணி எவ்வளவு தூரம் முன்னேறியது. அவருக்கு எதிரே நின்றவர் யார் என்பதும் முக்கியம். எதிரணியின் முதலாவது கெட்டிக்காரனை மறித்தவரையும் மூன்றாவது ஆளை மறித்தவரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. குவாட்டர்பக்கை நெருக்கவேண்டிய முன்வரிசை சோர்ந்து நின்றால், எவ்வளவு நல்ல கோர்னர்பக்கும் கடைசியில் தோற்பார். ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஒரு பருவமாவது பார்க்கவேண்டும்.

இந்தப் பாடம் எங்கள் உதைபந்தாட்டத்துக்கும் பொருந்தும் என்பதற்கு யாப் ஸ்டாம் சான்று. மன்செஸ்டர் யுனைட்டட்டில் மூன்று பருவங்கள் ஆடி, மூன்றிலும் லீக் பட்டம் வென்ற பின்கள வீரர். 2001 ஓகஸ்டில் அவரை விற்றுவிட்டார்கள். அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்து வந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதப்பட்டிருக்கிறது. முந்திய பருவத்தில் 31 கோல்கள் வாங்கிய அணி, அவர் போன பருவத்தில் 45 கோல்கள் வாங்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அது பிழையான முடிவு என்று பயிற்றுநர் அலெக்ஸ் பெர்குசன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்பவருக்குச் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கவேண்டிய தேவை குறைவு.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கணினி வேண்டியதில்லை. தாச்சி மறித்தவர்களுக்கு இது தெரியும். கோட்டில் நிற்பவர் கெட்டிக்காரர் என்றால் ஓடுகிறவர்கள் அவர் பக்கம் காலே வைக்கமாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை அவர் ஒருவரையும் தொட்டிருக்கமாட்டார். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது அவரைத்தான்.

அந்த அறிவு உதைபந்தாட்டத்துக்கு வரும்போது மட்டும் மறந்துபோகிறது. உலகமும் இப்படித்தான் இருக்கிறது. 1956 முதல் வழங்கப்படும் பலோன் டோர் விருதைப் பெற்ற ஆண் பின்கள வீரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர், சமர், கனவாரோ. நாவாந்துறை, குருநகர், பாசையூர், இளவாலை, ஊரெழு, மயிலிட்டி என்று உதைபந்தாட்டத்தை ஊரின் மானமாக நினைக்கும் மண் எங்களுடையது. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்பிள்ளைகள் நாடளாவிய வெற்றிகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வடக்கின் மன்னாரில் இருந்து போய் இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் நின்றவர் 2022 இல் மறைந்த டக்சன் பியூஸ்லஸ். அவரைப்போல் இன்னொருவர் பதினாறு வயதில் எங்கள் மைதானம் ஒன்றில் நிற்கும்போது, கோல் கணக்கை மட்டும் பார்க்கும் தெரிவாளரின் கண்ணில் அவர் படவே மாட்டார்.

ஆகவே பயிற்றுநர்களிடமும் விளையாட்டு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றுவீரர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பின்கள வீரரின் பக்கமாக எதிரணி எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை கடந்தது, கடந்த பிறகு என்ன நடந்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி பக்கத்தை மாற்றிக்கொண்டதா என்பதையும் குறித்துவைக்கட்டும். ஒரு பருவம் முடியும்போது அந்தக் கொப்பி கைதட்டலைவிட நேர்மையாகப் பேசும். போட்டி நடத்தும் கழகங்களும் சிறந்த பின்கள வீரருக்கென்று ஒரு விருதை ஒதுக்கி, அதைக் கொப்பியைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

நேயர்களே, அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது பந்து வராத பக்கத்தையும் பாருங்கள். அங்கே நிற்பவரின் பெயரைக் கேட்டு அறிந்து, ஆட்டம் முடிந்ததும் அவருக்கும் கைகொடுங்கள்.