பாதி வழியில் நின்றவன்



சில ஆண்டுகளுக்கு முன் நிலப் பங்கு ஒன்றின் காரணமாக என் உடன்பிறந்த தம்பியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். மனம் உறுத்தியது. மூத்த குரு ஒருவரிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். "தம்பியோடு பேசிவிடுங்கள், சாமி" என்றார். சரி என்றேன். எட்டு மாதம் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் திருப்பலி நிறைவேற்றினேன். மனமாற்றத்தைப் பற்றி மறையுரையும் ஆற்றினேன்.

அதனால்தான் மத்தேயு நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வரும் இரு புதல்வர் உவமை என்னைச் சுடுகிறது. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யத் தந்தை அழைக்கிறார். ஒரு மகன் முடியாது என்கிறார். பிறகு மனம் மாறிப் போகிறார். மற்றவர் மரியாதையோடு சரி என்கிறார், போகவில்லை. இயேசு இந்த உவமையை யாரிடம் சொன்னார்? தலைமைக் குருக்களிடமும் மூப்பர்களிடமும். அதாவது, என்னைப் போன்றவர்களிடம்.

முதல் மகனின் மனமாற்றத்தை அவர் தோட்டத்துக்கு நடந்ததில்தான் பார்க்கிறோம். மனம் வருந்துவது என்றால் தந்தையின் பக்கம் திரும்புவது. கீழ்ப்படிவது என்றால் அந்தப் பக்கம் நடப்பது. திரும்பியவர் நடக்காமல் நின்றால் பயணம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால், கீழ்ப்படிந்து நம் மீட்பை நாமே சம்பாதிக்கிறோமா? இல்லவே இல்லை. நம்மை இறைவனுக்கு ஏற்புடையவராக்கும் அருளை நம் எந்தச் செயலாலும் முன்கூட்டியே ஈட்ட முடியாது என்று 1547இல் திரெந்து பொதுச்சங்கம் தெளிவாகக் கற்பித்தது. எரிகோவில் நடந்ததைப் பாருங்கள். சக்கேயு எதையும் கொடுப்பதற்கு முன்பே இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அதன் பிறகே சக்கேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கும் தருவதாகச் சொன்னார். தவற்றை அறிக்கையிட்டவர் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கும்படியே எண்ணிக்கை நூல் கேட்கிறது. அன்பைச் சுவைத்த சக்கேயு அந்தக் கணக்கோடு நிற்கவில்லை.

பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் விளைவித்த சேதமோ அப்படியே இருக்கக்கூடும். எனவே எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த நற்பெயரைச் சரிசெய்வதும் நம் கடமை எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். எப்படித் தொடங்குவது எனத் தெரியாமல் தயங்கினேன். "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றான். அவன் என்னை எப்போதோ மன்னித்திருந்தான். நான்தான் அங்கே போய்ச் சேராமல் இருந்தேன்.

அன்பானவர்களே, நம் வானகத் தந்தையும் நமக்காக அப்படித்தான் காத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்காத கடன், பேசாமல் விட்ட உறவு, ஒருவர்மீது சொன்ன பொய் என நம் ஒவ்வொருவருக்கும் ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. நேற்று முடியாது என்று சொல்லியிருந்தாலும் இன்று போகலாம். சாவு வரை கீழ்ப்படிந்த இயேசு நம்மோடு நடந்து வருகிறார்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.